சீனியர் அலுவலகத்தில் முதல் ஆண்டு: புதிதாகப் பதிவு செய்த வழக்கறிஞர்களுக்கு

சட்டக் கல்லூரியில் மூன்றாண்டோ ஐந்தாண்டோ படித்துப் பட்டம் பெற்று, பார் கவுன்சிலில் பதிவும் செய்துகொண்ட ஒருவருக்குச் சட்டம் ஓரளவு தெரிந்திருக்கும். நீதிமன்றத்தில் எங்கே நிற்பது, யாரிடம் எதைக் கேட்பது, எந்த நேரத்தில் வாய் திறக்கக் கூடாது என்பவை தெரிந்திருக்காது. இதில் மாணவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. மருத்துவம் படிப்பவருக்கு ஓராண்டுப் பயிற்சி மருத்துவர் பணி கட்டாயம். ஆடிட்டர் ஆக விரும்புபவர் ஆண்டுக்கணக்கில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்தே ஆக வேண்டும். வக்கீலுக்கு அப்படி ஓர் இடைக்காலம் இல்லை. பதிவுக்கு முன் ஓராண்டு ஒரு வழக்கறிஞரிடம் பயிற்சி பெற வேண்டும் என்று இந்திய பார் கவுன்சில் 1995-இல் விதி வகுத்தது. அவ்வாறு விதி செய்வதற்கு 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்று கூறி, உச்ச நீதிமன்றம் 1999-இல் அதை ரத்து செய்துவிட்டது. எஞ்சியிருப்பது கல்லூரிக் காலத்து இன்டர்ன்ஷிப் மட்டுமே: மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரங்கள், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரங்கள். அதிலும் பெரும்பகுதி பின்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதிலேயே கழிந்துவிடுவதை எல்லோரும் அறிவோம்.

ஆகவே தொழிலின் நடைமுறை முழுவதையும் ஒரு சீனியரின் அலுவலகத்தில், பெரும்பாலும் யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொடுக்காமல், பார்த்துப் பார்த்தே கற்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் முன்சீப் நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ஆகியவற்றில் தொழிலைத் தொடங்குவோரை மனத்தில் வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். உங்கள் சட்ட அறிவை எடைபோடுவதற்கு முன், உங்கள் வாய்ச்சொல்லை நம்பலாமா என்பதைத்தான் அங்குள்ள அனைவரும் எடைபோடுவார்கள் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்த நம்பிக்கையைச் சேர்ப்பதற்கான வழிதான்.

சேர்வதற்கு முன்

பதிவுக் கட்டணத்தில் ஏமாற வேண்டாம். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி பொதுப் பிரிவினருக்கு மொத்தம் 750 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய்; இதற்கு மேல் மாநில பார் கவுன்சில்கள் வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்துள்ளது. பதிவுக்குப் பின் அகில இந்திய பார் தேர்வை இரண்டு ஆண்டுகளுக்குள் எழுதித் தேற வேண்டும். வேலையில் மூழ்கிய பிறகு படிப்பதற்கு நேரம் கிடைப்பதில்லை என்பதால், கிடைக்கும் முதல் தேர்விலேயே அதை முடித்துவிடுவது உத்தமம்.

அலுவலகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெயர்ப்பலகையின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். அந்தச் சீனியர் நாள்தோறும் விசாரணை நீதிமன்றத்துக்குப் போகிறாரா, ஜூனியர் எழுதிய வரைவைத் தம் கையால் திருத்தித் தருகிறாரா, அவரிடம் முன்பு இருந்தவர்கள் இப்போது அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்ற மூன்றையும் விசாரியுங்கள். குறுக்கு விசாரணையே நடக்காத பெரிய அலுவலகத்தைவிட, சிவில் வழக்கும் கிரிமினல் வழக்கும் கலந்து வரும் ஒரு தாலுகா அலுவலகம் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அதிகம் கற்றுத்தரும் என்பது என் கருத்து.

ஊதியம் பற்றிக் கேட்பதை மரியாதைக் குறைவாகக் கருதும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் பிற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தரப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் கூறியது. அதையொட்டித் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலும் சுற்றறிக்கை அனுப்பியது. எல்லா அலுவலகங்களிலும் இந்தத் தொகை கைக்கு வருகிறது என்று எண்ணிவிட வேண்டாம். ஆனால் "சார், மாதம் என்ன தருவீர்கள், வெளியூர் கோர்ட்டுக்குப் போனால் பஸ் செலவு தனியா?" என்று சேரும் அன்றே பணிவாகக் கேட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்து மனக்கசப்புடன் கேட்க வேண்டிய நிலை வராது.

டைரியும் கட்டும்

முதல் வாரத்திலேயே உங்களை வாதாடச் சொல்ல மாட்டார்கள். வாய்தா டைரியை உங்கள் கையில் கொடுத்தால் அதுவே பெரிய பொறுப்பு. பலர் இதை எழுத்தர் வேலை என்று அலட்சியமாக நினைக்கிறார்கள். வழக்கு எண், நீதிமன்றம், கட்சிக்காரரின் பெயர், அடுத்த தேதி, அன்று வழக்கு எந்த நிலையில் இருக்கும் என்ற ஐந்தும் ஒவ்வொரு வழக்குக்கும் அன்று மாலையே டைரியில் ஏறியிருக்க வேண்டும்.

நிலையை எழுதும்போது சொல்லில் துல்லியம் தேவை. "எதிர்வழக்குரைக்கு" (அதாவது பிரதிவாதியின் எழுத்துப் பதிலுக்கு) என்று எழுதுவதற்கும் "எதிர்வழக்குரைக்குக் கடைசி வாய்ப்பு" என்று எழுதுவதற்கும் உள்ள தூரத்தை ஒரு சிவில் வழக்கின் கணக்கை வைத்தே புரிந்துகொள்ளலாம். அழைப்பாணை கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பிரதிவாதி எதிர்வழக்குரை தாக்கல் செய்ய வேண்டும். காரணம் காட்டினால் நீதிமன்றம் அதை 90 நாட்கள் வரை நீட்டிக்கலாம் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் எட்டாம் கட்டளை. தாக்கல் செய்யாமல் போனால் பிரதிவாதி எக்ஸ்பார்ட்டி ஆக்கப்படுவார், அதாவது அவர் இல்லாமலேயே வழக்கு நடக்கும். தொடர்ந்து ஒருதலைப்பட்சத் தீர்ப்பும் வந்துவிடலாம். அந்தத் தீர்ப்பாணையை நீக்கக் கோரி மனுப்போட 30 நாட்கள்தான் அவகாசம், தாண்டினால் ஒவ்வொரு நாளின் தாமதத்துக்கும் விளக்கம் சொல்லித் தனி மனு. ஜூனியர் டைரியில் விட்ட ஒரு சொல்லுக்காக, ஒரு குடும்பம் தன் நிலத்தின் மீதான வழக்கை மறுபடி முதலிலிருந்து நடத்த நேரலாம்.

இ-கோர்ட்ஸ் செயலியில் தேதி ஏறிவிடுகிறதே, டைரி எதற்கு என்று கேட்கத் தோன்றும். செயலியைப் பாருங்கள், ஆனால் வழக்குகளின் அடுத்த தேதிகளை நீதிமன்றம் குறித்துவைக்கும் ஏ டைரியோடும் அதை ஒத்துப்பாருங்கள். இரண்டும் மாறுபட்டால் நேரில் போய்க் கேளுங்கள்.

அடுத்தது வழக்குக் கட்டு. நாளை பட்டியலில் உள்ள வழக்குகளின் கட்டுகளை முந்தைய மாலையே எடுத்து அடுக்கி, ஒவ்வொன்றிலும் வழக்குரையையும் (வாதி தாக்கல் செய்த மூல மனு) கடைசி உத்தரவையுமாவது படித்துவிட்டுத் தூங்கப் போங்கள். கட்சிக்காரர் கொடுத்த மூலப் பத்திரங்களில் துளையிடுவது, ஸ்டேப்ளர் அடிப்பது, பென்சிலால்கூடக் குறியிடுவது ஆகிய எதையும் செய்யக் கூடாது. அவற்றைத் தனி உறையில் போட்டு, உறையின் மேல் ஆவணங்களின் தேதியும் எண்ணும் எழுதி, வாங்கியதற்கும் திருப்பிக் கொடுத்ததற்கும் கையெழுத்துப் பெற்று வையுங்கள். பத்தாண்டுகள் நடக்கும் வழக்கில் கிரயப் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்ற தகராறு கடைசியில் ஜூனியரின் தலையில்தான் வந்து விழும்.

கால் ஒர்க்

நீதிபதி இருக்கையில் அமர்ந்ததும் பெஞ்ச் கிளார்க் அன்றைய வழக்குகளை வரிசையாக அழைப்பார். இதைத்தான் கால் ஒர்க் என்கிறோம். அரை மணி நேரத்தில் ஐம்பது அறுபது வழக்குகள் கடந்து போகும் வேகம் புதியவரைத் திணறச் செய்யும். உங்கள் எண் வரும்போது எழுந்திருப்பதற்குப் பதிலாக, அதற்கு முந்தைய வழக்கு அழைக்கப்படும்போதே கட்டைப் பிரித்துக்கொண்டு மேசை அருகே வந்துவிட வேண்டும். நீதிபதியிடம் சொல்ல வேண்டியவை மூன்றே மூன்று: எந்தத் தரப்புக்காக வந்திருக்கிறீர்கள், வழக்கு என்ன நிலையில் இருக்கிறது, இன்று உங்களுக்கு என்ன வேண்டும். "வாதி தரப்பில், ஐயா. வாதி சாட்சி முதல் விசாரணைக்கு உள்ளது. சாட்சி வந்திருக்கிறார், ப்ரூஃப் அபிடவிட் தாக்கல் செய்கிறோம்." இவ்வளவு போதும். (ப்ரூஃப் அபிடவிட் என்பது சாட்சி தம் முதல் விசாரணைச் சாட்சியத்தை எழுத்தில் தரும் பிரமாணப் பத்திரம்.) சீனியரின் ஊர்ப் பயணம், அவருடைய உடல்நிலை, நேற்றைய மழை ஆகியவற்றை நீதிபதி கேட்டால் மட்டும் சொல்லலாம்.

சீனியர் வேறு நீதிமன்றத்தில் இருந்தால் பாஸ் ஓவர், அதாவது வழக்கை அன்றே சற்றுத் தள்ளி அழைக்கும்படி, கேட்பது வழக்கம். அவர் உண்மையிலேயே வேறு நீதிமன்றத்தில் இருந்தால் மட்டும் அப்படிக் கேளுங்கள். அவர் இன்னும் வீட்டிலிருந்து கிளம்பவில்லை என்பது அடுத்த அறையில் இருக்கும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு எப்படியும் தெரிந்திருக்கும். நீதிபதி கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "கட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், சற்றுத் தள்ளி அழைக்க வேண்டுகிறேன்" என்று சொல்வதில் எந்த அவமானமும் இல்லை. ஊகித்துச் சொன்ன பதில் நீதிமன்றக் குறிப்பில் ஏறிவிட்டால், அதைத் திரும்பப் பெறுவதற்குச் சீனியர் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

குற்றவியல் நீதிமன்றங்களில் பெரும்பாலான ஜூனியர்களின் முதல் மனு, எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) அன்று ஆஜராக முடியாததற்கு விலக்குக் கோரும் மனுதான். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 355-ஆம் பிரிவு. ஆனாலும் வராந்தாவில் இன்றும் "ஒரு 317 போட்டுடு தம்பி" என்றுதான் சொல்வார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் எண் வாயில் அப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேசும்போது 317 என்று புரிந்துகொள்ளுங்கள், மனுவில் 355 என்று எழுதுங்கள். மனு போடுவதற்கு முன் எதிரியிடம் தொலைபேசியில் பேசி, வராத காரணத்தை அவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். "உடல்நலக் குறைவு" என்று எல்லோருக்கும் ஒரே வாசகத்தை எழுதினால், என்றாவது ஒரு நாள் நீதிபதி மருத்துவச் சான்று கேட்பார். மனு தள்ளுபடியானால் பிடிவாரண்டு பிறக்கும். அன்று மாலை எதிரியின் வீட்டுக்கு அந்தச் செய்தியைச் சொல்ல வேண்டியவரும் நீங்களே.

உடையும் விளிப்பும்

உடை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கறுப்புக் கோட்டும் வெள்ளைப் பட்டையும் வேண்டும். கவுன் உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் மட்டும் கட்டாயம். கோடைக்காலத்தில் கீழமை நீதிமன்றங்களில் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. ஆனாலும் உங்கள் ஊர் நீதிமன்றத்தில் மற்றவர்கள் எப்படி வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையையும் கவுனையும் நீதிமன்றத்துக்கு வெளியே பொது இடங்களில் அணியக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. நீதிமன்ற வாசல் டீக்கடையில் அந்த விதி நாள்தோறும் தோற்றுக்கொண்டிருக்கிறது.

நீதிபதியை விளிப்பதிலும் ஏட்டுக்கும் நடைமுறைக்கும் இடைவெளி இருக்கிறது. "மை லார்ட்" காலனிய எச்சம் என்று கருதி, உயர் நீதிமன்றங்களில் "யுவர் ஆனர்" என்றும் கீழமை நீதிமன்றங்களில் "சார்" அல்லது அதற்கு இணையான உள்ளூர்ச் சொல்லாலும் விளிக்கலாம் என்று 2006-இல் இந்திய பார் கவுன்சில் விதி கொண்டுவந்தது. உயர் நீதிமன்றத்தில் மை லார்ட் இன்னும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. மாவட்டத்தில் "ஐயா" என்று விளித்தால் யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். எழுத்து மனுவில் "கனம் கோர்ட்டார் அவர்கள்" என்ற பழைய வாசகம் தொடர்வதைக் கண்டு நகைக்காமல், முதல் ஆண்டில் அலுவலக வழக்கத்தை அப்படியே பின்பற்றுங்கள்.

குமாஸ்தா, பெஞ்ச் கிளார்க், எதிர்த்தரப்பு

ஓர் அலுவலகத்தில் உங்களுக்கு உண்மையில் தொழில் கற்றுக்கொடுப்பவர் பல நேரங்களில் குமாஸ்தாதான். தாக்கல் செய்த மனு நம்பர் ஆகாமல், அதாவது எண் தரப்படாமல், குறை காட்டி ரிட்டர்ன் ஆகி வந்தால், எதற்காக வந்தது, எத்தனை நாட்களுக்குள் குறையைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்ய வேண்டும், நீதிமன்றக் கட்டணம் எங்கே குறைந்தது என்பதையெல்லாம் முப்பது ஆண்டு அனுபவம் உள்ள அவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். உங்கள் தந்தையின் வயதுள்ள அவர் உங்களை "வக்கீல் சார்" என்றும் "மேடம்" என்றும்தான் அழைப்பார். நீங்கள் அவரை "அண்ணே" என்றோ "ஐயா" என்றோ அழையுங்கள். "அண்ணே, இந்த ரிட்டர்னை நானே சரிபண்ணிப் பார்க்கிறேன், முடித்ததும் ஒரு தரம் பாருங்கள்" என்று கேட்பவருக்கு அவர் எதையும் ஒளிக்க மாட்டார். கல்லூரி மாதிரி நீதிமன்றப் போட்டியில் வாங்கிய கோப்பை, தாக்கல் பிரிவு ஜன்னலில் எந்தப் பயனும் தராது.

பெஞ்ச் கிளார்க்கிடம் வழக்கு அழைக்கும் நேரத்தில் போய்த் தேதி கேட்காதீர்கள்; இடைவேளையில் கேளுங்கள். நகல் பிரிவிலும் பிற அலுவலகங்களிலும் "ஏதாவது கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்" என்று யாராவது உங்களுக்கு அறிவுரை சொல்லக்கூடும். அந்தப் பழக்கத்தை முதல் மாதத்தில் தொடங்கினால் பிறகு அதிலிருந்து வெளியே வர வழியில்லை. நகல் மனுவின் எண்ணையும் தேதியையும் குறித்துவைத்துக்கொண்டு, உரிய நாளில் மறுபடி மறுபடி போய் நிற்பது அலுப்பான வழிதான், ஆனாலும் வேலை நடக்கும்.

எதிர்த்தரப்பு வக்கீலை எதிரியாக நினைக்கும் தவறு புதியவர்களிடம் அதிகம். கட்சிக்காரர்கள்தான் பகையாளிகள், வக்கீல்கள் இருவரும் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு ஒரே வராந்தாவில் நடக்கப் போகிறவர்கள். வாய்தாவுக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லும் உரிமை ஜூனியருக்கு இல்லை என்பதால், அவர் கேட்டால் "சீனியரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று கூறுங்கள். சீனியர் ஒப்புக்கொண்டு நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டால், நீதிபதி முன் நிலைமை உங்களுக்குச் சாதகமாக மாறினாலும் பின்வாங்கக் கூடாது. "பத்து நிமிடத்தில் வருகிறேன்" என்று சொல்லியிருந்த எதிர்த்தரப்பை அவர் இல்லாத நேரத்தில் எக்ஸ்பார்ட்டி ஆக்கிக்கொண்டு வந்து மகிழ்பவரை அந்த நீதிமன்றம் நெடுங்காலம் மறப்பதில்லை.

சீனியரிடம் கெட்ட செய்தியை அன்றே சொல்லுங்கள். வழக்கு ஆஜரின்மையால் தள்ளுபடியாகிவிட்டால், அதை மீண்டும் கோப்புக்கு எடுக்க மனுப்போட 30 நாட்கள் உள்ளன. அன்றே சொன்னால் மறுநாளே மனுவைத் தயார்செய்துவிடலாம்.

கட்சிக்காரர்

கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற கடமை, முன்பு சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவாகவும் இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132-ஆம் பிரிவாகவும் இருக்கிறது. அது ஜூனியருக்கும் குமாஸ்தாவுக்கும் பொருந்தும். விவாகரத்து வழக்கில் பெண்ணின் சித்தப்பா வந்து நயமாகப் பேசி விவரம் கேட்பார். "வழக்கு விஷயம் அவங்ககிட்டதான் பேச முடியும் ஐயா, அவங்களையே கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள்.

"ஜெயிச்சிருவோமா தம்பி?" என்ற கேள்விக்கு ஆம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள், அடுத்த வாய்தாவில் என்ன நடக்கும் என்பதை மட்டும் விளக்குங்கள். கட்டணப் பணத்தைச் சீனியரின் சார்பில் வாங்க நேர்ந்தால் ரசீது கொடுத்து, அன்றைக்கே கணக்கில் சேருங்கள்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றில் "ஜாமீன் பெற்றுத் தந்தோம்" என்று கட்சிக்காரருடன் எடுத்த படத்தைப் போடும் ஆசை எளிதில் வரும். வழக்கறிஞர் விளம்பரம் செய்வதை பார் கவுன்சில் விதி 36 தடுக்கிறது. இணையதளங்கள் வழியாக வழக்கறிஞர்கள் வேலை தேடுவதன் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டிருக்கிறது.

புறக்கணிப்பு நாட்கள்

தமிழ்நாட்டில் தொழில் தொடங்குபவர் முதல் ஆண்டிலேயே ஒரு நீதிமன்றப் புறக்கணிப்பையாவது சந்திப்பார். வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் தெளிவாகக் கூறியிருக்கிறது. ஆனாலும் சங்கம் தீர்மானம் போட்டால் ஜூனியர் தனியாக உள்ளே போவது நடைமுறையில் கடினம். இதில் எது சரி என்று விவாதிக்க முற்பட்டால் கட்டுரை வேறு திசையில் போய்விடும். புதியவர் செய்ய வேண்டியது இது: அன்று காலாவதியாகும் மேல்முறையீடோ மனுவோ இருக்கிறதா என்று முந்தைய நாளே பார்த்துச் சீனியரிடம் தெரிவியுங்கள், ஏனெனில் புறக்கணிப்பு என்பதற்காகக் காலவரையறை நிற்பதில்லை. சிறையில் இருப்பவரின் ஜாமீன் மனுவைப் பற்றித் தனியே கேட்டுத் தெளிவு பெறுங்கள். வெளியூரிலிருந்து வரும் கட்சிக்காரருக்கு அதிகாலையிலேயே போன் செய்துவிடுங்கள். மாலையில் ஏ டைரியைப் பார்த்து எல்லா வழக்குகளின் புதிய தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்று ஒரே மூச்சில் தள்ளப்படும் தேதிகளில்தான் தவறுகள் அதிகம் நேர்கின்றன.

எதை ஏற்க வேண்டாம்

பணிவு இத்தொழிலின் பழக்கம். அதன் பெயரில் எல்லாவற்றையும் சகிக்க வேண்டியதில்லை. கட்டுகளைச் சுமப்பது, நகல் எடுக்க ஓடுவது, சீனியர் வரும்வரை நீதிமன்றத்தில் காத்திருப்பது ஆகியவை வேலையின் பகுதி. சீனியர் வீட்டுக் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது வேலையின் பகுதி அன்று. கட்சிக்காரர் நேரில் வராமலேயே அவர் கையெழுத்தைச் சரிபார்த்ததாகச் சான்றளிக்கச் சொன்னாலோ, தேதி முன்கூட்டிப் போட்ட ஆவணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னாலோ, அது சீனியரின் கட்டளையாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். பின்னால் பார் கவுன்சில் விசாரணையில் பதில் சொல்ல வேண்டியது உங்கள் பெயர்தான்.

பெண் ஜூனியர்கள், வேலை நேரம் முடிந்த பின் தனியாக அலுவலகத்தில் இருக்கச் சொல்லும் வழக்கங்களைச் சேரும்போதே தெளிவாகப் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள அலுவலகத்தில் உள்ளகக் குழு இருக்காது என்பதால், மாவட்ட உள்ளூர்க் குழுவில் புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும்.

விலகும்போது

இரண்டு மூன்று ஆண்டுகளில் தனியாகத் தொழில் செய்யவோ வேறு அலுவலகத்துக்குப் போகவோ விரும்பினால், சீனியரிடம் நேரில் சொல்லிக் குறைந்தது ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். மே மாதச் சிவில் விடுமுறைக்குச் சற்று முன் சொல்வது இரு தரப்புக்கும் வசதி. அலுவலகக் கட்சிக்காரர்களிடம் "இனி என்னிடம் வாருங்கள்" என்று பேசாதீர்கள். அவர்களே வந்தாலும், முந்தைய வழக்கறிஞரின் சம்மதக் குறிப்பு இல்லாமல், அல்லது நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல், புதிய வக்காலத்து தாக்கல் செய்ய முடியாது. கடைசி நாளில் உங்கள் பொறுப்பில் இருந்த கட்டுகள், அவற்றின் அடுத்த தேதிகள், இன்னும் ரிட்டர்னில் கிடக்கும் மனுக்கள், திருப்பித் தரப்படாத மூலப் பத்திரங்கள் ஆகியவற்றை இரண்டு பிரதிகளில் பட்டியலிட்டு, ஒன்றைக் குமாஸ்தாவிடம் கொடுத்து, மற்றதில் அவர் கையெழுத்தை வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.